தரையில் ஐந்தாவது வட்டம்

பாதாம் எடுக்கத்தான் நஸீஹா கராஜுக்குள் இறங்கினாள். விளக்கைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தரையில் நான்கு வட்டங்கள். வெள்ளை சாக்பீஸில், காபிக் கோப்பையைக் கவிழ்த்து வரைந்த அளவுக்கு. கராஜின் பின்பாதியில், மூலைக்கு ஒன்றாக. ஒன்று சுவரோரம் கிடந்த பாதாம் மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

"போல்ட் அடிக்கப் போறார்," என்று சத்தமாகவே சொன்னாள்.

மூத்தார் முன்ஜி போன வாரம் இதே தரையில்தான் தன் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்தார். படுத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி ஹயாத் ஒரு கையும் எதிர்வீட்டுக்காரர் ஒரு கையுமாக இழுத்து உட்காரவைத்தார்கள். அன்றைக்கு இரவு சாப்பாட்டில் அவர் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார்: "இனிமே நான் வண்டிக்குக் கீழ போறதா இல்ல. வண்டி மேல வரட்டும். லிஃப்ட் வாங்கப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நஸீஹா சிரிக்கவில்லை.

மாமனார் ஹாஜி தாஹர் கட்டிய வீடு. முதல் மாடி மூத்த மகன் முன்ஜிக்கு, இரண்டாம் மாடி இளையவன் நூரிக்கு. கீழே நீளமான இந்தக் கராஜ் மட்டும் யாருக்கு என்று சொல்லாமலே கிழவர் கண்ணை மூடிவிட்டார். பாகம் பிரிக்கவே இல்லை. நூரி தன் மனைவி நஸீஹாவிடம் மட்டும் சொல்லியிருந்தான், "அது உனக்குத்தான். கொஞ்சம் பொறு."

அவளும் பொறுத்தாள். இரண்டாம் மாடிச் சமையலறையில் கல்யாணங்களுக்குப் பக்லாவா இனிப்பைத் தட்டுத் தட்டாகச் சுட்டுக்கொண்டே பொறுத்தாள். இரும்புக் கதவைத் தூக்கினால் நேரே மஹ்தியா சாலை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் பெரிய அடுப்பு, மேலே அவள் பேர் எழுதிய பலகை. இதெல்லாம் அவள் மனசுக்குள் எப்போதோ கட்டி முடித்தாகிவிட்டது.

சக்கரம் வைத்த சாமான் விருந்தாளி மாதிரி. போய்விடும். போல்ட் அடித்த சாமான் வீட்டுக்காரன்.

அதுவும் இவ்வளவு அகலமாகவா? வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டிலே போடலாம். மோட்டார் சைக்கிள் நிற்க இவ்வளவு இடம் எதற்கு?

பாதாம் மூட்டையை அவிழ்க்கக் குனிந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்னால் நின்ற மூட்டை பின்னால் போயிருந்தது. கட்டிய முடிச்சு அவள் கட்டியதுதான். மூட்டை மட்டும் நகர்ந்திருந்தது.

'ஹயாத்,' என்று நினைத்தாள். 'பாதாம் எவ்வளவு இருக்குன்னு எடை பாத்திருக்கா.'

*

மேலே போனால் நூரி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை அவனுக்கு அரைநாள் வேலை. துறைமுகத்தில் ஒரு சுங்கத் தரகரின் அலுவலகம்.

"நூரி, உங்க அண்ணன் கராஜ்ல வட்டம் போட்டிருக்கார்."

"என்ன வட்டம்?"

"சாக்பீஸ்ல. நாலு. போல்ட் அடிக்க."

கயிறு கையில் நின்றது. "எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"பின்பக்கம் எங்க?"

"எங்கயோ! அதுவா முக்கியம்? தரையில இரும்பை இறக்கிட்டார்னா அப்புறம் என் கடை எங்க வரும்? உன் தலை மேலயா?"

நூரி முடிச்சை இரண்டு தரம் போட்டான். "அடிச்சா அடிக்கட்டும். இடுப்பு வலிக்காரர். அவரோட போய் வழக்காடச் சொல்றியா?"

"உனக்குப் பேச வாயில்லன்னா நான் பேசறேன்."

"நீ பேசாதே," என்று சட்டென்று சொன்னான். பிறகு குரலை இறக்கினான். "கொஞ்சம் பொறுன்னு சொன்னேன்ல."

படியில் இறங்கிப் போய்விட்டான். தலைவாரிய சீப்பைக்கூட மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற மனுஷன்.

*

படியில் தண்ணீர் ஓடி வந்தது. சோப்பு நுரையோடு. மேலே மொட்டைமாடியில் ஹயாத் துடைப்பத்தோடு நின்றாள்.

"லல்லா ஹயாத், படியில வழுக்கி நான் விழணும்னு ஆசையா?" லல்லா என்ற மரியாதை வாயில் இருந்தது, குரலில் இல்லை.

"விழ மாட்டே. நீ எதையும் பிடிச்சுக்கற ஆள்." ஹயாத் துடைப்பத்தைத் தட்டினாள். "மழை வரப்போவுது. மாடி கழுவாம விட்டா மாமியார் கனவுல வந்து திட்டுவாங்க."

"மாடியில விழற மழைத்தண்ணியை இப்ப நாம குடிக்கறதா என்ன? குழாய் வந்து எத்தனை காலம் ஆச்சு!"

"குடிக்கலன்னா அழுக்கா இருக்கலாமா? உன் சமையல்கட்டுல வேணா அப்படி."

நஸீஹா அதை விழுங்கிக்கொண்டாள். வேறு ஒன்றைக் கேட்டாள். "பாதாம் மூட்டையை யாரோ நகத்தியிருக்காங்க."

"யாரோன்னா? என்னைப் பாத்துச் சொல்லு."

"உங்களைப் பாத்துத்தான் சொல்றேன்."

"அடிப்பாவி! உன் பாதாமை நான் தின்னா எனக்குப் பல்லு இருக்குன்னு ஆயிடும்." ஹயாத் வாயைத் திறந்து தன் கடைவாய் ஓட்டையைக் காட்டினாள். "இந்தா, பாரு. சாட்சி."

சிரிப்பு வந்தது. ஆனால் நஸீஹா சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று சிரிக்கவில்லை.

அதற்குள் கீழேயிருந்து முன்ஜியின் குரல். "நஸீஹா! சும்மா இருக்கியாம்மா?"

"சும்மா யாரு இருக்கா, சீதி முன்ஜி?" மூத்தாருக்கு எப்போதும் 'சீதி' என்ற மரியாதை உண்டு.

"அப்ப கெளம்பு. லிஃப்ட் பாக்கப் போறேன். நீ வந்தா நல்லது. நீ பேரம் பேசினா கடைக்காரன் தன் பெண்டாட்டிகிட்ட போய் அழுவான்."

ஹயாத் மேலிருந்து, "என்னைக் கூப்பிட மாட்டாரு பாரு," என்றாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போனா கடைக்காரனுக்குக் காபி போட்டுக் குடுத்துட்டு வருவே," என்றார் முன்ஜி.

தன்னை எதற்காகக் கூப்பிடுகிறார்? கூடப் போய்த் தானே வாங்கிக் கொடுத்தால், நாளைக்கு வாய் திறக்க முடியாதே. "போல்ட் அடிச்சப்ப நீயும்தானே இருந்தே?" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடலாம். நஸீஹா இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பர்தாவைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். போகாமல் இருந்தால் அதைவிட மோசம்.

*

அய்ன் சாலையில் அம்மாரின் கடை. உள்ளே இரும்பும் எண்ணெயும் ரப்பரும் கலந்த வாசனை. அம்மார் வாசலிலேயே எதிர்கொண்டு கையை மார்பில் வைத்தான்.

"வாங்க ஹாஜி!"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல. விலையை ஏத்தறதுக்கு முந்தி ஆளை ஏத்தாதே," என்றார் முன்ஜி. "வீட்டு கராஜ்ல வெக்கற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் லிஃப்ட். பென்ஷன்காரன் வாங்கற மாதிரி."

அம்மார் முதலில் ஒரு சின்னதைக் காட்டினான். கத்தரிக்கோல் மாதிரி மடிந்து விரிகிற ஜாக்கி. கையால் திருகினால் போதும்.

"இது போதுமே சீதி," என்றாள் நஸீஹா அவசரமாக. "வேலை முடிஞ்சா அலமாரிக்கு அடியில தள்ளிடலாம்."

முன்ஜி இல்லை என்று தலையாட்டினார். "எஞ்சினுக்கு அடியில தூக்கணும்மா இது. என் வண்டிக்குப் புகைக்குழாய் அங்கதான் போகுது. குழாயைத்தான் தூக்கும், வண்டியை இல்ல."

"அதுக்குன்னு ஒரு கட்டை வெச்சு..."

"கட்டை வெச்சு, கட்டை மேல கட்டை வெச்சு, அப்புறம் எனக்கே பாடை வெச்சு," என்றார். "வேணாம்."

இரண்டாவது, மேசை லிஃப்ட். நீளமான இரும்புத் தட்டு. வண்டியைத் தள்ளி ஏற்ற ஒரு சாய்பலகை. முன்சக்கரத்தைக் கவ்விக்கொள்ள இடுக்கி. காலால் மிதித்தால் எண்ணெய்ப் பம்பு தட்டை மேலே தூக்கும். புதியது. அடிச்சட்டத்தில் நான்கு துளைகள்.

நஸீஹா துளைகளை எண்ணினாள்; தரையில் இருந்த வட்டங்களும் நான்கு.

மூன்றாவது பழையது. மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததாம். சிவப்புப் பெயின்ட், பெரிய தட்டு, விலையோ புதியதில் பாதி.

"ஹாஜி, இதை எடுத்துக்கங்க. இந்தக் காலத்துல இப்படிக் கனமான இரும்பு கிடைக்காது." அம்மார் பம்பை மிதித்துத் தட்டை இடுப்பளவுக்கு ஏற்றினான். ஏற்றிவிட்டு அதன் அருமை பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தான். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது, எவ்வளவு வண்டி பார்த்தது.

நஸீஹா அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் என்பது ஒரு குணம் இல்லை, கண் மாதிரி ஒரு உறுப்பு. தட்டு ஏறி நின்றபோது அதன் விளிம்பு பின்சுவரில் தாழ அடித்திருந்த ஓர் ஆணியைச் சரியாக மறைத்திருந்தது. இப்போது ஆணி தெரிந்தது.

"ஏம்பா அம்மார், அந்த ஆணி எழும்புதா, இல்ல உன் லிஃப்ட் இறங்குதா?"

அம்மார் திரும்பிப் பார்த்தான். கன்னத்தைச் சொறிந்தான். "அது... லேசா இறங்கும் அக்கா. சீல் மாத்தினா சரியாயிடும்."

"லேசா இறங்கும்! எங்க மூத்தார் கையை அடியில விட்டிருக்கும்போது லேசா இறங்கும், இல்ல?"

"கையை எடுத்துட்டா..."

"உன் கையை வெச்சுக்காட்டு, பாப்போம்."

முன்ஜி வாய்விட்டுச் சிரித்தார். அம்மார் பழையதைச் சட்டென்று இறக்கிவிட்டு அதைப் பார்க்காதவன் மாதிரி நகர்ந்தான்.

புதியதை அவளே சோதித்தாள். "ஏத்து." ஏற்றினான். "தானா இறங்காம எது பிடிக்குது?" பக்கத்துச் சட்டத்தில் ஏணிப்படி மாதிரி வெட்டுகள் இருந்தன. அதன் குறுக்கே ஒரு தடித்த கம்பியைச் செருகினான். "இப்ப பம்பைத் திறந்துவிடு." திறந்தான். தட்டு கம்பியில் உட்கார்ந்து நின்றுவிட்டது. அவள் கைப்பையை அதன் மேல் வைத்தாள். பிறகு தானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். அம்மார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"இது தேவலை," என்றாள்.

அப்போதுதான் முன்ஜி குனிந்து அடிச்சட்டத்துத் துளைக்குள் விரலை விட்டார்.

"இந்த போல்ட் எவ்வளவு ஆழம் போகணும்?"

நஸீஹா கிட்டே வந்து நின்றாள்.

"ஒரு விரல் நீளம் போகணும் ஹாஜி. நல்ல கான்கிரீட்டா இருந்தா."

"விரல்னா? இந்த விரலா, இந்த விரலா?"

"நடுவிரல்னு வெச்சுக்கங்க."

"தரை அதைவிட மெல்லிசா இருந்தா?"

"மெல்லிசா எப்படி இருக்கும்? கீழ மண்ணுதானே?"

முன்ஜி துளையிலிருந்து விரலை எடுத்தார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பேச்சை மாற்றுகிற ஆள் அப்படித்தான் செய்வான் என்று நஸீஹாவுக்குத் தோன்றியது.

"போல்ட் எதுக்கு?" என்று குறுக்கே பாய்ந்தாள். "சக்கரம் மாட்டற மாதிரி இல்லையா?"

"இருக்கு. நாலு சக்கரம் தனியா வரும், பூட்டு வெச்சது. ஆனா அக்கா, தனியாளா வண்டியை ஏத்தும்போது போல்ட் அடிச்சதுதான் அசையாது. சக்கரம்னா பூட்டு மறந்தா ஓடும்."

"எங்க வீட்டுல யாரும் தனியாள் இல்ல. நான் பிடிச்சுப்பேன். மழைத்தண்ணி உள்ள வந்தா தள்ளி வெக்கலாம். கல்யாணத்துக்கு இடம் வேணும்னா தள்ளி வெக்கலாம். வண்டி வித்துட்டா லிஃப்ட்டையும் தள்ளிட்டுப் போய் வித்துடலாம்." மூச்சு வாங்கியது. "வீடுன்னா சக்கரம்தான் சரி."

முன்ஜி தாடையைத் தடவினார். நஸீஹா அடுத்த வாதத்தை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

"சக்கரமே போடு," என்றார் அவர்.

அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை.

விலையை அவள் பேசினாள். அம்மார் அழவில்லை, ஆனால் தன் தாயின் பேரில் சத்தியம் செய்தான். சக்கரத்தை இலவசமாக வாங்கிவிட்டாள். அப்படியும் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. கேட்டதும் கிடைத்துவிட்டால் அவளுக்கு எப்போதுமே சந்தேகம் இரட்டிப்பாகும். இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தார் என்றால், அதைவிடப் பெரிதாக எதையோ கையில் வைத்திருக்கிறார்.

"ஏன் சும்மா வரே?" என்றார் முன்ஜி, வண்டியை ஓட்டிக்கொண்டே.

"தலைவலி."

"அம்மாருக்குத்தான் தலைவலி இருக்கணும்."

*

கராஜில் லிஃப்டை இறக்கிச் சக்கரங்களை மாட்டினார்கள். தள்ளினால் குழந்தை வண்டி மாதிரி ஓடியது. நஸீஹா அதைத் தானே பிடித்து, வேண்டுமென்றே, நான்கு வட்டங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். பார்க்கலாம், என்ன சொல்கிறார் என்று.

"அங்க வேணாம்! அங்க வேணாம்!" முன்ஜி கையை ஆட்டினார். "நாலு வட்டத்துக்கும் வெளிய."

"வெளியவா? லிஃப்ட்டுக்குத்தானே வட்டம்?"

"யாரு சொன்னா?"

"போல்டுக்குன்னு..."

"போல்டா? இதுக்குள்ள ஒரு போல்ட் அடிச்சா என் மோட்டார் சைக்கிள் முங்கிக் குளிக்கும்." அவர் அலமாரியிலிருந்து சுத்தியலை எடுத்தார். நான்கு வட்டங்களுக்கும் வெளியே தரையைத் தட்டினார். டக். நான்குக்கும் நடுவே தட்டினார். டொம்.

நஸீஹாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். வெந்த ரொட்டியைத் திருப்பி அடியில் தட்டினால் வருகிற சத்தம்.

"காலியா இருக்கு," என்றாள்.

"மாஜல்," என்றார் முன்ஜி. "பழைய வீட்டு மழைத்தண்ணித் தொட்டி. மாடியில விழற மழையெல்லாம் இதுக்குள்ளதான் வரும். நான் சின்னப் பையனா வாளி விட்டு இறைச்சிருக்கேன். குழாய்த்தண்ணி வந்த வருஷம் அப்பா இதை மூடி, மேல கராஜைக் கட்டிட்டார். நானே மறந்துபோயிட்டேன். முந்தாநாள் ஹயாத் மாடி கழுவறா, நான் இங்க நிக்கறேன், காலுக்குக் கீழ தண்ணி சொட்டற சத்தம். மயிர் சிலிர்த்துப்போச்சு எனக்கு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தட்டித்தட்டிப் பாத்துக் குறி போட்டேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஹயாத்கிட்ட சொன்னா, தண்ணி மேலயா படுத்திருக்கோம்னு ராத்திரி தூங்க மாட்டா. என்னையும் தூங்க விட மாட்டா." சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டார். "தளம் எவ்வளவு கனம்னு யாருக்குத் தெரியும்? அதான் அம்மார்கிட்ட போல்ட் ஆழம் கேட்டேன். நீ சக்கரம்னு அடம்பிடிச்சியே, எனக்கும் அதுதான் நல்லதுன்னு பட்டுது. அப்புறம் உன் அடுப்பு இருக்கு. பெரிய அடுப்பு என்ன கனம் இருக்கும்! அதை முன்பக்கமே வெச்சுடலாம், அங்க கீழ மண்ணு. தட்டிப் பாத்துட்டேன்."

நஸீஹா அவரையே பார்த்தாள். "என் அடுப்பா?"

"உன் கடை அடுப்பு."

"கடையைப் பத்தி உங்ககிட்ட யாரு சொன்னா?"

"உன் புருஷன். போன ரமலான்ல." முன்ஜிக்கு இப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது போலிருந்தது. "முன்பாதி நஸீஹாவுக்கு, பின்பாதி என் வண்டிக்குன்னு அன்னிக்கே நாங்க பேசி முடிச்சாச்சே. உடனே போய் உன்கிட்ட சொல்றேன்னு நான் எழுந்தேன். அவன்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சான். இப்ப வேணாம் அண்ணே, நானே சொல்லிக்கறேன், கொஞ்ச நாள் கராஜ் இப்படியே இருக்கட்டும்னான். அவன் சொல்லவே இல்லையா?"

"கொஞ்சம் பொறுன்னு சொன்னான்," என்றாள் நஸீஹா.

போன ரமலானிலிருந்து அந்த முன்பாதி அவளுடையது. அது தெரியாமல் ஒரு கோடைக்காலம் முழுக்க இரண்டு மாடி ஏறித் தட்டுகளை இறக்கியிருக்கிறாள். எத்தனை தரம் இந்த மனுஷரை மனசுக்குள் திட்டியிருக்கிறாள்! முன்ஜியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்று அசைந்தது. கராஜ் ஏன் இப்படியே இருக்க வேண்டும்?

"இதுல ஒண்ணுதான் பிடிபடல," என்று முன்ஜி தரையைப் பார்த்துத் தன்பாட்டில் சொன்னார். "மாஜலுக்கு ஒரு வாய் இருந்துது. வாளி விடற வாய். அது எந்தப் பக்கம்னு நினைவே வரல. அப்பா மேல கல்லைப் பதிச்சுச் சமமாக்கிட்டார்."

வெளியே நூரியின் மோட்டார் சத்தம் நின்றது.

அவன் உள்ளே வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு ஏற்கெனவே இருந்தது. வாசலிலேயே மாட்டிக்கொண்டு வந்த சிரிப்பு. "அட, வந்துடுச்சா! நல்லா இருக்கே அண்ணே. எங்க நிறுத்தப்போறீங்க?"

"இந்தப் பக்கச் சுவரோரமா," என்றார் முன்ஜி.

"இங்க எதுக்கு? வழியை அடைக்கும்." நூரி பின்மூலையைக் கையால் காட்டினான். "அங்க, மூட்டை இருக்கற இடத்துல வைங்க. மூட்டையை நான் மேல தூக்கிட்டுப் போயிடறேன்."

"அங்க வேணாம்டா. கீழ தளம் தாங்குமான்னு தெரியல."

"தாங்கும். வாயைச் சுத்திக் கருங்கல் கட்டியிருக்கு, யானையே நிக்கலாம்." நூரி குனிந்து லிஃப்ட்டின் சக்கரத்தை ஷூ நுனியால் உதைத்தான். "இதைக் கழட்டிட்டாத்தான் நல்லது. சக்கரம் எதுக்கு? ஒரு தரம் வெச்சா அங்கயே அசையாம நிக்கட்டுமே."

முன்ஜிக்கே இடம் நினைவு வராத வாய் அது; இவன் அதைச் சுற்றியிருக்கும் கல் வரைக்கும் சொல்கிறான்.

முன்ஜி தம்பியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்த வாயை மூடினப்ப நீ பொறக்கவே இல்லயேடா."

"அப்பா சொல்லியிருக்கார்."

"எங்கிட்ட சொல்லாததையா?"

நூரி சிரித்தான். இந்தச் சிரிப்பை நஸீஹா இதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் மூட்டையை நோக்கி நடந்தாள். "சாயங்காலத்துக்குப் பாதாம் வேணும்."

"நான் எடுத்துத் தரேன்!" நூரி அவளுக்கு முன்னால் பாய்ந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு உப்பு டப்பாவைக்கூட இறக்கித் தராதவன்.

"நகரு, நூரி."

"கனமா இருக்கும்."

"காலையில நகத்தினவங்களுக்கும் கனமாத்தான் இருந்திருக்கும். நகரு."

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். நூரி நகர்ந்தான்.

அவள் மூட்டையை இடுப்பால் முட்டி ஒதுக்கினாள். கராஜ் தரையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பெல்லாம் எத்தனையோ வருஷத்து எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. மூட்டைக்கு அடியில் இருந்த ஒரு கல்லைச் சுற்றி மட்டும் சிமென்ட் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் ஒரு விரலால் அழுத்தினாள். இன்னும் இறுகாத பூச்சு மணல் மாதிரி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது; சமீபத்தில் யாரோ தூக்கி மறுபடி பதித்த கல்.

மேலேயிருந்து ஹயாத் கத்தினாள். "மீன் குஸ்குஸ் ஆறிப்போவுது! இரும்பையா திங்கப் போறீங்க?"

நஸீஹா எழுந்து வந்து மூத்தாரிடம் கையை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்காமல் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். திரும்பிப் போய்க் குனிந்து, அந்தக் கல்லின் மேல், மற்ற நான்கையும்விடப் பெரிதாக, ஒரு வட்டம் போட்டாள். போட்டு முடித்துத்தான், கராஜ் இப்படியே இருக்கட்டும் என்ற கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சக்கரத்தைக் கழட்டாதீங்க, சீதி முன்ஜி," என்றாள், கண்ணை அவனிடமிருந்து எடுக்காமலே. "சாமான் அப்பப்ப நகர்ந்தாத்தான் கீழ என்ன இருக்குன்னு தெரியுது."